ஹண்டிங்டன் நோய்: மரபணு சடுதிமாற்றமும் மூளை நரம்பு செல் இறப்பும் – முக்கியக் குறிப்புகள்

அடிப்படை வரையறைகள்

• நரம்புச் சிதைவு நோய்: நரம்பு செல்கள் படிப்படியாகச் செயலிழந்து இறக்கும் நோய்த் தொகுதி. இறந்த நரம்பு செல்லின் இடத்தை நிரப்பப் புதிய செல் பெரும்பாலும் உருவாவதில்லை.
• ஹண்டிங்டன் நோய்: ஒற்றை மரபணுக் குறைபாடு; உடற்குரோமோசோம் வழிக் கடத்தல்; ஓங்குபண்பு.
• பழைய பெயர்: ஹண்டிங்டன் கொரியா. சில நோயாளிகளில், குறிப்பாகச் சிறுவயதினரில், கொரியா இல்லாததால் 'நோய்' என்ற பெயரே இன்று நிலைபெற்றது.
• கொரியா: விருப்பத்துக்குக் கட்டுப்படாத, ஒழுங்கற்ற, ஓரிடம் விட்டு ஓரிடம் தாவும் உடலசைவு.
• நோயின் பெயர் ஹண்டிங்டன். புரதத்தின் பெயர் ஹண்டிங்டின். ஓர் எழுத்து மாறினால் விடை மாறும்.
• இயங்கு சடுதிமாற்றம்: தலைமுறைக்குத் தலைமுறை நீளம் மாறும் மீள்தொடர் சடுதிமாற்றம். சொல் அறிமுகம் 1992, ரிச்சர்ட்ஸ், சதர்லேண்ட்.
• மூன்று நியூக்ளியோடைடு மீள்தொடர்: மூன்று காரங்கள் கொண்ட அலகு அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப அமைதல். இந்நோயில் அலகு சிஏஜி: சைட்டோசின், அடினைன், குவானைன்.

ஜார்ஜ் ஹண்டிங்டன்

• பிறப்பு: 9 ஏப்ரல் 1850, ஈஸ்ட் ஹாம்ப்டன், லாங் ஐலண்ட், நியூயார்க். இறப்பு: 1916.
• மருத்துவப் பட்டம்: 1871, கொலம்பியா.
• கட்டுரை: 'ஆன் கொரியா'. வாசிப்பு: 15 பிப்ரவரி 1872, மிடில்போர்ட், ஒஹாயோ. அச்சு: 13 ஏப்ரல் 1872, 'மெடிக்கல் அண்ட் சர்ஜிக்கல் ரிப்போர்ட்டர்', பிலடெல்ஃபியா. அச்சேறிய நாளில் வயது 22 நிறைந்து நான்கு நாள்.
• கட்டுரையின் பெரும்பகுதி சாதாரண கொரியா பற்றியது. பரம்பரை வகைக்கு இறுதியில் சில பத்திகள் மட்டுமே; பெயர் நிலைத்தது அவற்றால்.
• அவர் சுட்டிய மூன்று பண்புகள்: பரம்பரைத் தன்மை, மனநிலைப் பிறழ்வும் தற்கொலை நாட்டமும், வளர்ந்தோரில் தீவிரமாக வெளிப்படுதல்.
• பெற்றோருக்கு நோய் இல்லையெனில் பிள்ளைகள் வழியில் நோய் அற்றுப்போகும் என்ற கூற்றும் அதே கட்டுரையில். ஓங்குபண்பின் இலக்கணம் இதுவே. மெண்டல் விதிகளின் மறு கண்டுபிடிப்பு 1900. இக்கூற்று அதற்கு 28 ஆண்டுகள் முந்தையது.
• ஆதாரம்: மூன்று தலைமுறை மருத்துவர்களின் கவனிப்பு. தாத்தா ஏபெல், தந்தை ஜார்ஜ் லீ, மகன் ஜார்ஜ். ஒரே ஊர், அதே குடும்பங்கள்.
• முதல் காட்சி: சிறுவயதில் தந்தையுடன் வண்டியில் சென்றபோது ஈஸ்ட் ஹாம்ப்டன்–அமகான்செட் சாலையில் எதிர்ப்பட்ட தாயும் மகளும். உயர்ந்து மெலிந்த உருவம்; இருவருக்கும் குனிதல், முறுக்கல், முகக் கோணல். இந்நினைவை அவரே பதிவு செய்தது 1909இல், நியூயார்க் நரம்பியல் சங்க உரையில்.
• கவனம்: முதல் விவரிப்பு அவருடையதன்று. சார்லஸ் ஆஸ்கர் வாட்டர்ஸ், அமெரிக்கா, 1841 கடிதம். யோஹான் கிறிஸ்டியன் லுண்ட், நார்வே, 1860. துல்லியமும் சுருக்கமும் சேர்ந்த விவரிப்பு என்பதே ஹண்டிங்டனின் பெருமை. மருத்துவர் வில்லியம் ஆஸ்லரின் பாராட்டும் அதற்கே.

வெக்ஸ்லர் குடும்பம், கத்ரி

• வுடி கத்ரி: அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர், 1912–1967. தாய் வழியாக நோய். இறந்த ஆண்டிலேயே முன்னாள் மனைவி மார்ஜரி கத்ரி ஹண்டிங்டன் நோயை எதிர்க்கும் குழுவைத் தொடங்கினார்.
• மில்டன் வெக்ஸ்லர்: உளப்பகுப்பாய்வாளர். மனைவி லியோனோருக்கு நோய் உறுதியான 1968இல் பரம்பரை நோய் அறக்கட்டளைக்கு வித்திட்டவர்.
• மகள் நான்சி வெக்ஸ்லர்: பிறப்பு 1945. நரம்பு உளவியலாளர்; மரபணு தேடலின் முதன்மைப் பெயர். லாஸ்கர் விருது 1993. தமக்கும் நோய் இருப்பதைப் பொதுவெளியில் அறிவித்த ஆண்டு 2020.
• மூத்த மகள் ஆலிஸ் வெக்ஸ்லர்: வரலாற்றாசிரியர், 'மேப்பிங் ஃபேட்' நூல், 1995.

மரகைபோ ஏரி, வெனிசுலா

• இடம்: சூலியா மாநிலம். ஊர்கள்: சான் லூயிஸ், பரன்கீதாஸ், லகுனேதாஸ். லகுனேதாஸ் நீர்மேல் கால் நட்ட வீடுகளின் ஊர்.
• உலகிலேயே ஹண்டிங்டன் நோய் மிகச் செறிந்த பகுதி.
• நோயை அங்கு அடையாளம் கண்டவர்: அமெரிக்கோ நெக்ரெத்தே, வெனிசுலா மருத்துவர், 1955. வெக்ஸ்லர் குழு வருவதற்கு கால் நூற்றாண்டு முன்பே. ஆங்கில வழிக் குறிப்புகளில் இப்பெயர் விடுபடுவது வழக்கம். விடுபடக் கூடாத பெயர்.
• மூதாதை: மரியா கான்செப்சியோன், 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கம்.
• நான்சி வெக்ஸ்லர் முதல் பயணம் 1979. ஆண்டுதோறும் ஆய்வுக் குழுப் பயணம் 1981 முதல் 2002 வரை.
• மரபுகால்வழித் தொடர் வரைபடம்: 10 தலைமுறை, 18,000க்கும் மேற்பட்டோர். இரத்த மாதிரிகள் சுமார் 4,000.
• 1987 முடிவு: இரு பெற்றோரிடமிருந்தும் குறைபாடு பெற்ற ஒத்த அல்லீல் நபர்களுக்கு, ஒரு குறைபாடு மட்டும் பெற்றவரைவிட நோய் குறிப்பிடத்தக்க அளவு முந்தியோ கடுமையாகவோ வரவில்லை. முழுமையான ஓங்குபண்புக்கு மனித நோய்களில் முதல் தெளிவான சான்று. இரு பெற்றோரும் நோயாளிகளான குடும்பங்கள் மரகைபோவில் இருந்ததால்தான் இம்முடிவு கிட்டியது.
• நோயாளர் இல்லம்: காசா ஓகர் அமோர் இ ஃபே, தொடக்கம் 1999.
• மரபணுவைத் தந்த ஊர் வறுமையில். மருந்துச் சோதனைகள் பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். அறநெறித் தாளில் எழுதத் தகுந்த முரண்.
• 18 மே 2017: வத்திக்கானில் போப் பிரான்சிஸ், லத்தீன் அமெரிக்க ஹண்டிங்டன் குடும்பங்களைச் சந்தித்த நாள்.

மரபணு தேடல்

• 1980: டேவிட் பாட்ஸ்டீன் குழுவின் முன்மொழிவு. டிஎன்ஏவை வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதித் துண்டுகளின் நீள வேறுபாட்டைக் குறியீடாகக் கொண்டு மரபணு வரைபடம்.
• 1983: ஜேம்ஸ் குசெல்லா, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை, பாஸ்டன். ஜி8 என்ற டிஎன்ஏ குறியீடு 4ஆம் குரோமோசோமில், நோயுடன் பிணைந்த நிலையில். 'நேச்சர்' இதழ், நவம்பர்.
• சிறப்பு: இருப்பிடமே தெரியாத ஒரு நோய் மரபணு, டிஎன்ஏ குறியீட்டுப் பிணைப்பால் உடற்குரோமோசோம் ஒன்றில் இடங்காணப்பட்ட முதல் நிகழ்வு.
• லாட் மதிப்பு: பிணைப்பின் புள்ளியியல் அளவு. 3 அல்லது அதற்கு மேல் = பிணைப்பு ஏற்பு. அதாவது 1000க்கு 1 என்ற வாய்ப்பு விகிதம்.
• 1993: மரபணு கண்டறிதல். 'செல்' இதழ், 26 மார்ச், தொகுதி 72. ஆசிரியர் பெயர்: ஹண்டிங்டன் நோய் கூட்டு ஆராய்ச்சிக் குழு. தனிநபர் பெயர் முன்னிற்கவில்லை. 6 ஆய்வுக் குழுக்கள், 58 அறிவியலாளர்கள்.
• குறியீட்டிலிருந்து மரபணு வரை 10 ஆண்டுகள். அடிக்கடி தலைகீழாகும் இணை: 1983 இடம், 1993 மரபணு.

மரபணுவும் புரதமும்

• மரபணு: எச்டிடி. முதலில் சூட்டிய பெயர் ஐடி15.
• இருப்பிடம்: 4ஆம் குரோமோசோம், குறுங்கரம், 4பி16.3.
• எக்ஸான்கள்: 67. சிஏஜி மீள்தொடர் இருப்பது எக்ஸான் 1.
• சிஏஜி குறியன் → குளுட்டமின் அமினோ அமிலம். சிஏஏ குறியனும் குளுட்டமினே. இந்த இரண்டாவது செய்தி சிறியதாகத் தோன்றும். நோய் தொடங்கும் வயது பற்றிய முக்கிய விடை இதில் உள்ளது (கீழே).
• ஹண்டிங்டின் புரதம்: 3,144 அமினோ அமிலங்கள், சுமார் 350 கிலோ டால்டன். மிகப் பெரிய புரதம். அணு மட்ட அமைப்பு வெளியானது 2018, உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி முறை.
• இயல்பான பணிகள்: செல்லினுள் பைகளின் போக்குவரத்து, புரதங்களுக்குத் தாங்குசட்டம், பிடிஎன்எஃப் வளர்ச்சிக் காரணியின் உற்பத்தித் தூண்டல்.
• இரு பிரதியும் நீக்கப்பட்ட எலி கருவிலேயே இறப்பு (1995). எனவே உயிர்வாழ இன்றியமையாப் புரதம்.
• குறைபாட்டின் வகை: நச்சுத் தன்மை பெறுதல்; பணி இழத்தல் முதன்மைக் காரணமன்று. சான்று: உல்ஃப்–ஹிர்ஷ்ஹார்ன் நோய்த்தொகுப்பில் 4பி16.3 பகுதியே இழக்கப்பட்டும் ஹண்டிங்டன் நோய் தோன்றுவதில்லை.

சிஏஜி எண்ணிக்கை

• 26 வரை: இயல்பு.
• 27–35: இடைநிலை. நபருக்கு நோய் இல்லை. பிள்ளைக்கு நீண்டு செல்ல வாய்ப்பு.
• 36–39: குறை வெளிப்பாடு. சிலருக்கு நோய், சிலருக்கு இல்லை.
• 40 மற்றும் அதற்கு மேல்: முழு வெளிப்பாடு. இயல்பான ஆயுள் வாழ்ந்தால் நோய் உறுதி.
• 60க்கு மேல்: பெரும்பாலும் இளம்பருவ வகை.
• எண்ணிக்கை கூடினால் தொடங்கும் வயது குறையும். தொடங்கும் வயதின் வேறுபாட்டில் 50–70% சிஏஜி நீளத்தால் விளக்கப்படுகிறது. எஞ்சியது பிற மரபணுக்களாலும் சூழலாலும்.
• 35க்கும் 40க்கும் இடையே ஐந்தே மீள்தொடர்கள், பதினைந்தே காரங்கள். ஒரு பக்கம் முழு ஆயுள். மறுபக்கம் நடுவயதில் மூளைச் சிதைவு.
• முற்தோற்றம்: தலைமுறைதோறும் நோய் முன்கூட்டியே, கடுமையாகத் தோன்றுதல். காரணம், விந்து செல் உருவாக்கத்தின்போது மீள்தொடர் நீளுதல். ஆகவே பெரும் நீட்சி தந்தை வழியில் மிகுதி.
• தந்தை வழி, தாய் வழி: கடத்தும் வாய்ப்பு இரண்டிலும் 50%. மாறுவது நீட்சியின் அளவு மட்டும்.

உடல்செல் நீட்சி – புதிய கருத்து

• பழைய விளக்கம்: பிறவியிலேயே நச்சுப் புரதம், ஆண்டுக்கணக்கில் சேர்ந்து செல்லைக் கொல்லும். பல கையேடுகளில் இன்றும் இதுவே. பழைய விளக்கத்தால் விடை காண முடியாத கேள்வி: நச்சு கருவிலிருந்தே இருந்தால் நாற்பது வயது வரை செல் நலமாக இருப்பது எப்படி?
• புதிய விளக்கம்: பரம்பரையாக வரும் 40–45 மீள்தொடர், தானே நச்சன்று; வாழ்நாளில் மூளை செல்லுக்குள் தொடர்ந்து நீள்வதே நச்சு.
• உடல்செல் நீட்சி: கருவுற்ற பின், இனச்செல் அல்லாத செல்களில் மீள்தொடர் நீளுதல். பிள்ளைக்குக் கடத்தப்படாது. முற்தோற்றம் இனச்செல் நிகழ்வு. இது உடல்செல் நிகழ்வு. இரண்டையும் கலத்தல் பெரும் பிழை.
• இடம்: வரியுடல் நரம்பு செல்களில் மிகுதி, இரத்தத்திலும் சிறுமூளையிலும் குறைவு. எனவே இரத்தப் பரிசோதனையில் 42 என்பது வரியுடலிலும் 42 என்று பொருள்படாது.
• சான்று 1, 2015: முழு மரபணுத் தொகுதி ஆய்வு. நோய் தொடங்கும் வயதை மாற்றும் மரபணு இருப்பிடங்கள். முதன்மையானது 15ஆம் குரோமோசோமில் எஃப்ஏஎன்1. டிஎன்ஏ பழுதுநீக்க மரபணு. பின்னர் சேர்ந்தவை: எம்எல்எச்1, எம்எஸ்எச்3, பிஎம்எஸ்1. இவையும் பழுதுநீக்க வகை.
• சான்று 2, 2019: வழக்கமான அமைப்பில் சிஏஜி வரிசை முடிவில் ஒரு சிஏஏ, ஒரு சிஏஜி. ஆகவே 42 தொடர் சிஏஜி = 44 குளுட்டமின். சிலரில் இடையீடான சிஏஏ, சிஏஜியாக மாறியிருக்கும்: தொடர் சிஏஜி 44, குளுட்டமின் அதே 44. புரதத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நோய் மட்டும் முந்துகிறது. ஆகவே கடிகாரம் புரதத்தின் குளுட்டமின் நீளமன்று, டிஎன்ஏவின் தடையற்ற சிஏஜி நீளம். இத்துறையின் மிக அழகான வாதம் இது.
• சான்று 3, ஜனவரி 2025: 'செல்' இதழ், ஹேண்ட்சேக்கர், மெக்கரோல் குழு, பாஸ்டன். ஒரே செல்லில் சிஏஜி நீளத்தையும் மரபணு வெளிப்பாட்டையும் சேர்த்து அளந்த ஆய்வு.
• அதன் முடிவு எண்: 150. அதுவரை நரம்பு செல்லின் மரபணு வெளிப்பாட்டில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. கடந்தபின் செல்லின் தனியடையாளம் கலைகிறது. சில செல்களில் 500ஐயும் தாண்டிய மீள்தொடர்கள்.
• வேகம்: 40இலிருந்து 80 வரை பல பத்தாண்டுகள், 80இலிருந்து 150 வரை சில ஆண்டுகள், 150க்குப் பின் செல் இறப்பு சில மாதங்களில். நீள நீள வேகமும் கூடும்.
• செல் தன் வாழ்நாளில் 95%க்கும் மேற்பட்ட காலம் தீங்கற்ற மரபணுவுடனே வாழ்கிறது.
• இறுதிக் கட்டத்தில் தடை நீங்கி வெளிப்படுபவை: சிடிகேஎன்2ஏ, சிடிகேஎன்2பி. வழக்கமாக அடக்கி வைக்கப்பட்ட, முதுமையையும் செல் இறப்பையும் தூண்டும் மரபணுக்கள்.
• எல்லாச் செல்களும் ஒரே நாளில் 150ஐ எட்டுவதில்லை. ஒவ்வொன்றும் தன் வேகத்தில். நோய் இருபது ஆண்டு நீண்டு முற்றுவதன் காரணம் இதுவே.

நீட்சியின் செயல்முறை

• டிஎன்ஏ இழைகள் பிரிந்து மீண்டும் சேரும்போது சிஏஜி பகுதி இடம் தவறி வளையமாகப் புடைத்தல்.
• புடைப்பை அடையாளம் காண்பது: மியூட்எஸ்-பீட்டா = எம்எஸ்எச்2 + எம்எஸ்எச்3.
• வெட்டிச் சீராக்குவதில் பங்கு: எம்எல்எச்1, எம்எல்எச்3, பிஎம்எஸ்1. சீராக்கும் முயற்சியே கூடுதல் மீள்தொடரைச் சேர்த்துவிடுகிறது.
• எதிர்த் திசையில் காப்பது: எஃப்ஏஎன்1. இதன் பணி குறைந்தால் நோய் முந்தும்.
• இப்பழுதுநீக்க முறையின் பெயர் பொருந்தாக் கார இணை பழுதுநீக்கம்: வேதியியல் நோபல் 2015, பால் மோட்ரிச். உடன் பெற்றோர்: தாமஸ் லிண்டால், அஜிஸ் சன்ஜார்.
• எம்எஸ்எச்2, எம்எல்எச்1 மரபுவழியில் பழுதுபட்டால் லிஞ்ச் நோய்த்தொகுப்பு (பெருங்குடல் புற்றுநோய்). எனவே மருந்து இலக்காக முன்னிற்பது எம்எஸ்எச்3.

பாதிக்கப்படும் மூளைப் பகுதி

• அடித்தள நரம்பு முடிச்சுகள்; அவற்றுள் வரியுடல் = வாலுரு உட்கரு + புட்டாமென்.
• இறக்கும் செல்: நடுத்தர முள் நரம்பு செல். கடத்தி: காபா, தடுப்பு வகை.
• முதலில் இறப்பவை: மறைமுகப் பாதைச் செல்கள் (டி2 டோபமின் ஏற்பி, என்கெஃபலின்). விளைவு: அசைவுக்குக் கடிவாளம் இழப்பு, கொரியா.
• பின்னர் இறப்பவை: நேரடிப் பாதைச் செல்கள் (டி1 ஏற்பி, சப்ஸ்டன்ஸ் பி). விளைவு: அசைவுக் குறைவு, விறைப்பு. கொரியா தணிவது நோய் தணிவதன் அறிகுறியன்று.
• தப்பிப்பவை: பெரிய அசிட்டைல்கொலின் இடைநரம்பு செல்கள், சொமட்டோஸ்டேட்டின் இடைநரம்பு செல்கள். ஒரே மரபணு, ஒரே மூளைப் பகுதி, வேறு விதி.
• வான்சாட்டல் தர வரிசை (மூளைச் சிதைவின் அளவு), 1985: 0 முதல் 4 வரை. தரம் 1இல் வெறுங்கண்ணுக்குச் சுருக்கம் தெரியாது. ஆயினும் வாலுரு உட்கருத் தலைப்பகுதியில் சுமார் 50% நரம்பு செல்கள் இல்லை. தரம் 4: சுமார் 95% இழப்பு.
• ஸ்கேன்: வாலுரு உட்கரு தட்டையாகி, பக்கவாட்டு மூளை அறைகளின் முன்பகுதி விரிந்து பெட்டி போலத் தோன்றுதல்.

செல் இறப்பு வழிகள்

• அப்போப்டோசிஸ்: திட்டமிட்ட செல் இறப்பு. பெயர் சூட்டியோர் கெர், வில்லி, கர்ரி, 1972. ஹண்டிங்டன் கட்டுரைக்குச் சரியாக நூறாண்டு கழித்து. மருத்துவ நோபல் 2002: பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன்.
• கேஸ்பேஸ்கள்: புரதத்தை வெட்டும் நொதிகள். ஹண்டிங்டினைக் கேஸ்பேஸ்-6 வெட்டுமிடம் 586ஆம் அமினோ அமிலம்.
• எக்ஸான் 1 துண்டு: முழுப் புரதத்தைவிட நச்சு மிகுந்தது. 1996இல் கில்லியன் பேட்ஸ் குழு உருவாக்கிய ஆர்6/2 எலியில் மனித மரபணுவின் இந்த எக்ஸான் மட்டுமே. சிஏஜி சுமார் 150. நோய்க்கு அதுவே போதுமானது.
• உட்கருத் திரள்கள்: 1997, எலியிலும் மனித மூளையிலும். நீண்ட காலம் குற்றவாளி. 2004 ஆய்வில் திரள் உருவாக்கிய நரம்பு செல்கள் அதிக காலம் பிழைத்தன. திரள் ஒரு தற்காப்பாகவும் இருக்கலாம்.
• கிளர்ச்சி நச்சுத்தன்மை: குளுட்டமேட் கடத்தியின் மிகைத் தூண்டல், கால்சியம் பெருக்கு, இறப்பு. எலி வரியுடலில் கைனிக் அமிலம் செலுத்திய மாதிரி 1976. குயினோலினிக் அமில மாதிரி 1986. கவனம்: குளுட்டமேட் கடத்தி, குளுட்டமின் அமினோ அமிலம்.
• ஆற்றல் குறை: மைட்டோகாண்ட்ரியா கூட்டமைவு 2. இதைத் தடுக்கும் 3-நைட்ரோபுரோபியோனிக் அமிலம் வரியுடலையே தாக்கும். பூஞ்சை பிடித்த கரும்பு உண்டு சீனாவில் நிகழ்ந்த நச்சேற்றத்தின் காரணி.
• பிடிஎன்எஃப் பற்றாக்குறை: வரியுடல் இதைத் தானே போதிய அளவு தயாரிப்பதில்லை; பெருமூளைப் புறணியிலிருந்து நரம்பிழை வழி வரவேண்டும். உற்பத்திக் குறைவு 2001, போக்குவரத்துக் குறைவு 2004 ஆய்வுகளில்.

அறிகுறிகள்

• முக்கூட்டு: அசைவு, அறிதிறன், மனநிலை.
• தொடங்கும் வயது பெரும்பாலும் 30–50. தொடங்கியபின் ஆயுள் சுமார் 15–20 ஆண்டுகள். இறப்பின் முதன்மைக் காரணம் நிமோனியா.
• மனச்சோர்வு, எரிச்சல், ஆர்வமின்மை: அசைவுக் கோளாறுக்குப் பல ஆண்டுகள் முன்பே வரலாம்.
• ஆரம்பக் குறி: கண்ணின் விரைவுப் பெயர்ச்சி தாமதம். நீட்டிய நாக்கை நிலைநிறுத்த இயலாமை. கை குலுக்கும்போது பிடி இறுகித் தளர்தல்: பால் கறப்பவர் பிடி.
• எடை இழப்பு, உணவு போதுமானதாக இருந்தும்.
• இளம்பருவ வகை: 20 வயதுக்கு முன் தொடக்கம். வெஸ்ட்ஃபால் வகை எனவும் பெயர். கொரியா அன்று, விறைப்பும் வலிப்பும்.

பரவல்

• 2012 தொகுப்பாய்வு: உலகளவில் லட்சத்துக்கு 2.71, ஆசியாவில் 0.40. ஐரோப்பிய வம்சாவளியினரில் பல மடங்கு அதிகம். இம்மக்களில் சராசரி சிஏஜி நீளமும் அதிகம்.

முன்கணிப்புப் பரிசோதனை

• பிணைப்புக் குறியீடு வழி: 1986 முதல். குடும்பத்தினர் பலரின் இரத்தம் தேவை. நேரடிச் சிஏஜி எண்ணிக்கை: 1993 முதல், ஒருவரின் இரத்தம் போதும்.
• பன்னாட்டு வழிகாட்டு நெறிகள்: 1994. முன்னும் பின்னும் ஆலோசனை. நோய் அறிகுறியற்ற 18 வயதுக்குட்பட்டோருக்குப் பரிசோதனை இல்லை.
• அறியாதிருக்கும் உரிமை: அபாயத்தில் உள்ளோரில் சிறுபான்மையினரே பரிசோதனை செய்துகொள்கின்றனர். பேரக்குழந்தைக்கு நோய் மரபணு உறுதியானால், பரிசோதிக்காத நடுத்தலைமுறைப் பெற்றோரின் நிலையும் வெளியாகிவிடும்.
• ஜினா சட்டம், அமெரிக்கா, 2008: மரபணுத் தகவல் அடிப்படையில் வேலைவாய்ப்பிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பாகுபாடு தடை. ஆயுள் காப்பீடு இதில் அடங்காது.
• இந்தியா: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைகள். நாள்பட்ட நரம்பியல் நிலைகள் அவற்றுள் ஒரு வகை.

சிகிச்சை

• நோயை முற்றிலும் தீர்க்கும் மருந்து இல்லை.
• டெட்ராபெனசின், 2008: கொரியாவுக்கு அமெரிக்க ஒப்புதல் பெற்ற முதல் மருந்து. செயல்: விமேட்2 தடை, டோபமின் பைகளில் அடைபடுவது குறைவு. பக்கவிளைவு மனச்சோர்வு.
• டியூடெட்ராபெனசின், 2017: ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் கொண்ட, அமெரிக்க ஒப்புதல் பெற்ற முதல் மருந்து. டியூட்டீரிய அணுக்கள் 6.
• வால்பெனசின், 2023: அதே இலக்கு. மூன்றும் கொரியாவை மட்டும் அடக்குபவை. செல் இறப்பைத் தொடுவதில்லை.
• டோமினெர்சன்: ஆன்டிசென்ஸ் இழை மருந்து, தண்டுவட நீரில் செலுத்துதல். இயல்பான, குறைபாடுள்ள இரு ஹண்டிங்டினையும் குறைப்பது. மூன்றாம் கட்டச் சோதனையில் மருந்து செலுத்தல் நிறுத்தம்: மார்ச் 2021.
• ஏஎம்டி-130: தீங்கற்ற வைரஸ் வழி மரபணு சிகிச்சை, அறுவை மூலம் நேரடியாக வரியுடலில், ஒரே முறை. முதல் நோயாளிகள் 2020. செப்டம்பர் 2025 அறிவிப்பு: உயர் அளவு பெற்றோரில் 36 மாதத்தில் நோய் முன்னேற்றம் 75% மெதுவாதல். ஒப்பீடு வெளித் தரவுடன், எண்ணிக்கை சிறிது. சதவீதத்தோடு இவ்விரு வரம்புகளும் சேர்த்தே நினைவில் கொள்ளத்தக்கவை.

தொடர்புடைய மரபுவழி நரம்புச் சிதைவுகள்

• பாலிகுளுட்டமின் நோய்கள் 9: ஹண்டிங்டன், கென்னடி, டிஆர்பிஎல்ஏ, ஸ்கா (தண்டுவட-சிறுமூளை அட்டாக்சியா) 1, 2, 3, 6, 7, 17.
• இவற்றில் முதலில் சிஏஜி நீட்சி கண்டறியப்பட்டது கென்னடி நோய், 1991. ஒன்பதில் எக்ஸ் குரோமோசோம் சார்ந்தது இது மட்டுமே.
• ஸ்கா3: மச்சாடோ–ஜோசப் நோய், அசோரஸ் தீவுகள், 14ஆம் குரோமோசோம்.
• ஃப்ரீட்ரிக் அட்டாக்சியா: ஒடுங்குபண்பு. மீள்தொடர் ஜிஏஏ, இன்ட்ரான் 1, 9ஆம் குரோமோசோம், புரதம் ஃப்ரடாக்சின். மரபணு 1996, முதல் மருந்து ஓமாவெலோக்சோலோன் 2023.
• அல்சைமர், குடும்ப வகை: ஏபிபி 21ஆம் குரோமோசோம், பிரிசெனிலின்-1 14ஆம், பிரிசெனிலின்-2 1ஆம் குரோமோசோம். கொலம்பியாவின் அந்தியோகியா: பிரிசெனிலின்-1, ஈ280ஏ, ஆய்வாளர் ஃபிரான்சிஸ்கோ லோபெரா.
• பார்க்கின்சன்: ஆல்ஃபா சைனியூக்ளின் 1997, இதுவும் 4ஆம் குரோமோசோம், ஆனால் நெடுங்கரம்.
• ஏஎல்எஸ்: எஸ்ஓடி1 1993, சி9ஓஆர்எஃப்72 2011, மீள்தொடர் ஆறு காரங்கள். டோஃபெர்சன், எஸ்ஓடி1 வகைக்கு, 2023.
• ஸ்கா12: சிஏஜி நீட்சிதான், ஆனால் புரதக் குறிப்புப் பகுதிக்கு வெளியே, ஆகவே ஒன்பதில் சேராது. முதல் விவரிப்பு 1999, ஜெர்மானிய வம்சாவளி அமெரிக்கக் குடும்பம். இந்தியாவில் அகர்வால் சமூகக் குடும்பங்களில் மிகுதி.
• ஸ்கா1: 6ஆம் குரோமோசோம், மரபணு 1993. தமிழ்நாட்டில் அகமணச் சமூகம் ஒன்றில் உயர் பரவல் பதிவானது 2005, 'நியூராலஜி இந்தியா' இதழ்.